மீன் தொட்டித் தண்ணீரை அளந்து பார்த்தே மாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வீட்டில் வண்ண மீன் தொட்டி வைத்துக் கொடுப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தொட்டியைத் தேர்ந்தெடுப்பது, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மீன்களைச் சேர்ப்பது, தீனியை அளவோடு இடுவது ஆகியவை குறித்து அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை கவலை வேண்டாம் என்றும், கலங்கத் தொடங்கினால் தொட்டியை முழுவதும் காலி செய்து கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்றும் கட்டுரையாளர் கூறியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையின் வண்ண மீன் சந்தைப் பகுதியான கொளத்தூரில் குடியிருந்து, மீன் வளர்ப்பவர்களோடும் விற்பவர்களோடும் நெடுங்காலமாகப் பழகி வருகிறவன் என்ற முறையில், வீட்டுத் தொட்டிகளில் மீன்கள் மடிவதற்கு இந்த இரண்டு நம்பிக்கைகளே பெரும்பாலும் காரணமாக அமைகின்றன என்று கருதுகிறேன். இதைச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

தண்ணீரின் தெளிவு அதில் மிதக்கும் தூசியையும் பாசியையும் பற்றி மட்டுமே நமக்குச் சொல்லும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய மூன்றும் தண்ணீரில் கரைந்த நிலையில் நிறமற்றவை. மீனைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் தொட்டிக்கு முன்னால் நிற்பவரின் கண்ணுக்கோ மூக்குக்கோ அவை தெரிவதில்லை. மீன் தன் உடலில் சேரும் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும், அடியில் படியும் கழிவும், உதிர்ந்த இலைகளும் அழுகும்போதும் அதே அம்மோனியாதான் பிறக்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது பெருந்தண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். கூழாங்கல்லும் அலங்காரப் பொருள்களும் போக, மேலே சற்று இடமும் விட்டால், உண்மையில் 45 லிட்டர் இருந்தாலே அதிகம். அந்த 45 லிட்டரில் ஒரு டஜன் மீன்களை விடுகிறவர், அவற்றின் கழிவு எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

அந்தக் கழிவை ஏற்றுக்கொள்வது ஃபில்டரின் பஞ்சிலும், கற்களின் மேலும், கண்ணாடியின் ஓரங்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மண்ணில் நடக்கும் இந்த வேதிமாற்றத்தை உயிரிகளே செய்கின்றன என்பதை ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவற்றைத் தனியே வளர்த்துக் காட்டி நிறுவினார். நன்னீர் மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் பேரினம் என்பது 1990-களின் இறுதியில்தான் தெளிவாயிற்று. 2015-இல், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரையிலான முழு வேலையையும் தனியாகவே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டறியப்பட்டன. அவற்றில் சில, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டவை என்பது மீன் வளர்ப்போருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நம் வீட்டு வரவேற்பறையில் ஓடும் சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரில் நடப்பதை ஆய்வாளர்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. புதிதாக வைத்த தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி, கல், செடி, மீன் எல்லாவற்றையும் ஒரே மாலையில் வாங்கி வந்து அன்றிரவே மீனை விட்டால், முதலில் அம்மோனியாவும் அது குறையும்போது நைட்ரைட்டும் ஏறும். நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலற்றதாக்கிவிடுவதால், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் பழுப்பேறியிருக்கும். வாங்கிய இரண்டாம் வாரத்தில் மீன் செத்தது என்று கடைக்குத் திரும்பி வரும் பெரும்பாலானோர் சொல்லும் அடையாளங்கள் இவையே. அப்போது அவர்கள் கையில் கொடுக்கப்படுவது ஒரு நீல மருந்து. மெத்திலீன் நீலம் சில நோய்களுக்கு ஏற்ற மருந்துதான் என்றாலும், ஃபில்டரில் அப்போதுதான் வேர்பிடிக்கத் தொடங்கியிருக்கும் பாக்டீரியாக்களையும் அது பாதிக்கக்கூடும். தண்ணீரை அளக்காமல் மருந்து ஊற்றுவது, காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போடுவதற்கு ஒப்பானது.

கட்டுரை சொல்லும் 'முழுக் கழுவல்' இந்தச் சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி வைக்கிறது. ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து, கற்களை வெயிலில் உலர்த்தி, கண்ணாடியைத் தேய்த்துக் கழுவினால், பல வாரங்களாகப் பெருகிய பாக்டீரியாக்களை ஒரே காலையில் இழந்துவிடுகிறோம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை இரண்டு முறை பிழிந்து மீண்டும் பொருத்துவது போதுமானது. புதிதாக ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருந்தால், சோடியம் தயோசல்பேட் கலந்தோ, திறந்த வாளியில் காற்றுக்குமிழி விடும் கல்லை ஓடவிட்டு ஒரு நாள் வைத்தோ அதை நீக்கிக்கொள்ளலாம்.

முழுக் கழுவலைவிட ஆபத்தான இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அனுபவமுள்ளவர்களே இதில் தடுமாறுகிறார்கள். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: மீனைத் தாக்கும் கரைந்த வாயு வடிவம் ஒன்று; அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் அயனி மற்றொன்று. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. நம் ஊரின் கோடைக்கால வெப்பமான 30 டிகிரியில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ ஏழரைப் பங்காகிவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலை, தண்ணீரிலுள்ள காரத்தன்மையை, அதாவது பி.எச். இறங்காமல் தாங்கும் திறனை, செலவழித்தே நடக்கிறது: ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. எனவே பல மாதங்கள் தண்ணீர் மாற்றாமல், ஆவியாகும் அளவுக்கு மட்டும் ஊற்றி வந்த தொட்டியில் பி.எச். மெல்ல மெல்ல 6-க்குக் கீழே இறங்கும்; பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும்; அம்மோனியம் சேரும். மீன்கள் அந்நிலைக்குப் பழகி, வெளிப்பார்வைக்கு நலமாகவே நீந்திக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் மனம்வைத்து, முக்கால் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, பி.எச். 8-ஐ நெருங்கும் போர் தண்ணீரை நிரப்புவார்கள். மிச்சமிருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி அந்தக் கணமே நச்சு அம்மோனியாவாக மாறும். மாலைக்குள் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். சுத்தம் செய்ததனால் செத்தது என்று வீட்டார் சொல்வது அரை உண்மை. எடுக்கும் முன்பும் ஊற்றும் முன்பும் இரண்டு தண்ணீரையும் அளந்து பார்த்திருந்தால், சிறுகச் சிறுகப் பல நாள்களில் மாற்றியிருப்பார்கள், மீன்கள் பிழைத்திருக்கும்.

இனி நைட்ரேட்டுக்கு வருகிறேன். இக்கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒழுங்காக மாற்றப்படும் பழகிய தொட்டியில் இறுதியாகத் தங்குவது நைட்ரேட். அது மற்ற இரண்டைப்போல் நாள் கணக்கில் கொல்வதில்லை. வளர்ந்த, தாக்குப்பிடிக்கும் மீன்கள் பல, அதிக அளவையும் சில காலம் பொறுத்துக்கொள்கின்றன. முட்டை, குஞ்சு, இறால், நத்தை ஆகியவற்றின் பொறுமை குறைவு. நன்னீர் உயிரினங்கள் குறித்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும்) நீண்ட நாள் நீடித்தால் சில மீன்களையும் முதுகெலும்பற்ற உயிர்களையும் அது பாதிக்கலாம் என்றது. நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 44 மில்லிகிராம். வீட்டுத் தொட்டியில் 20-க்குள் வைத்திருப்பது நல்லது, 40-ஐத் தாண்ட விடக்கூடாது என்று மீன் வளர்ப்பவர்களிடையே நிலவும் வழக்கு பொருத்தமானது என்றே கருதுகிறேன். இதற்கு நச்சுத்தன்மை மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். எவ்வளவு தீனி போட்டோம், எத்தனை மீன் வைத்தோம், எவ்வளவு தண்ணீர் மாற்றினோம் என்ற மூன்றின் வரவு செலவும் நைட்ரேட் எண்ணில் பதிவாகிவிடுகிறது. ஆகவே அந்த ஒரு எண்ணைத் தொடர்ந்து குறித்து வைப்பவருக்குத் தொட்டியின் நிலை முழுவதும் பிடிபட்டுவிடும்.

இந்தக் கணக்கு எளிமையானது. பள்ளிப் பிள்ளைகளாலேயே போட முடியும். 40 விழுக்காடு புரதமுள்ள ஒரு கிராம் தீனியில் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆகும். 50 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு ஐந்தரை மில்லிகிராம் ஏற்றம். ஒரு பங்கை மீன் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும், ஒரு பங்கைச் செடி எடுத்துக்கொள்ளும் என்று கழித்தாலும், நாளொன்றுக்கு ஒரு கிராம் தீனி தூவும் வீட்டில் வாரத்துக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஏறுவது எளிது. வாரத்துக்கு 10 மில்லிகிராம் ஏறும் தொட்டியில் வாராவாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் எங்கே போய் நிற்கும் என்று பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏற்றத்தை மாற்றும் பங்கால் வகுத்தால் விடை கிடைக்கும்: 10-ஐக் காலால் வகுத்தால் 40. அதாவது, ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்குச் சற்று முன் 40-உம், மாற்றிய பின் 30-உம் இருக்கும் நிலையில் தொட்டி நிலைபெறும். எத்தனை ஆண்டுகள் அவ்வாறே செய்தாலும் அதற்குக் கீழே இறங்காது. இறங்க வேண்டுமானால் தீனியைக் குறைக்க வேண்டும், மீனைக் குறைக்க வேண்டும், அல்லது மாற்றும் பங்கைக் கூட்ட வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும், ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்டது. நம் ஊர்களில் அப்படி வைத்துக்கொள்ள முடியுமா? மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டுக்கான நிலத்தடி நீர்த்தர அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் 37 விழுக்காடு, குடிநீருக்கான வரம்பாகிய லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டைத் தாண்டியிருந்தன. ராஜஸ்தானும் கர்நாடகமும் மட்டுமே நமக்கு மேலே இருந்தன. வயலுக்கு இடும் தழைச்சத்து உரம், கால்நடைக் கழிவு, நகரங்களில் செப்டிக் டாங்கிலிருந்தும் உடைந்த கழிவுநீர்க் குழாயிலிருந்தும் இறங்குவது ஆகிய எல்லாமே நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் சேர்கின்றன. அப்படிப்பட்ட ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட் 50 இருந்தால், தொட்டியில் 40 ஆக இருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க வேண்டி அதை ஊற்றுகிறவர் உண்மையில் கூட்டிக்கொண்டிருக்கிறார். 'வாராவாரம் தவறாமல் தண்ணீர் மாற்றியும் பாசி அடங்கவில்லை, குஞ்சுகள் தங்கவில்லை' என்று மனம் நொந்து சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் குழாயில் வரும் தண்ணீரை எப்போதாவது அளந்தீர்களா என்பதையே.

ஆகையால் அளவீடு தொட்டியில் தொடங்குவதைவிடக் குழாயில் தொடங்குவதே முறை. மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்பில் கலக்கும் அடுக்குமாடிகளில் மாதத்துக்கு ஒரு முறையாவது அதை அளக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் அந்தக் கலவை மாறுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். கொதிக்க வைப்பதால் நைட்ரேட் போவதில்லை. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் நைட்ரேட்டின் பெரும்பகுதியைப் பிரித்துவிடுகிறது. ஆனால் பிரித்ததை அது வெளியேற்றும் கழிவுக் குழாயில்தான் அனுப்புகிறது. வீணாகிறதே என்ற நல்ல எண்ணத்தில் அந்தக் கழிவு நீரைப் பிடித்து மீன் தொட்டியில் ஊற்றுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். வீட்டுக்கு வரும் தண்ணீரிலேயே உப்பும் நைட்ரேட்டும் மிகுந்தது அதுதான். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அதைப் பயன்படுத்தலாம், மீனுக்கு வேண்டாம். மாறாக, மொட்டைமாடியில் முதல் மழையை ஓடவிட்டுப் பிறகு பிடித்த மழைநீர் நைட்ரேட் மிகக் குறைந்தது. அதில் காரத்தன்மையும் அநேகமாக இருப்பதில்லை என்பதால் தனியே ஊற்றாமல் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, பி.எச். பார்த்து ஊற்ற வேண்டும். மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், சேமித்த நீருக்கு இதைவிடச் சிறிய, ஆனால் நிச்சயமான பயன் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அளக்கும் முறை பற்றியும் எழுத வேண்டும். தவறாக அளந்த எண் நம்பிக்கையையும் கெடுத்துவிடும். கடைகளில் கிடைக்கும் காகிதப் பட்டைகள் அவசரத்துக்கு உதவும்; சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டிகள் அவற்றைவிட நம்பகமானவை. நைட்ரேட் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு குப்பிகள் இருக்கும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, அந்த நைட்ரைட்டுக்குச் செந்நிறம் ஏற்றிக் காட்டுவதே அதன் வேலை. மாற்றுவதற்காகச் சேர்த்திருக்கும் துத்தநாகப் பொடி போன்ற பொருள் இரண்டாம் குப்பியின் அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். ஆகவே அந்தக் குப்பியை மேசையில் தட்டி, அரை நிமிடமாவது வலுவாகக் குலுக்கிய பிறகே சொட்டு விட வேண்டும். சொட்டு விட்டபின் சோதனைக் குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, குறித்திருக்கும் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ காத்திருந்து, வெள்ளைத் தாளின் முன் பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிட வேண்டும். குலுக்காமல் விட்ட குப்பி, 80 இருக்கும் தண்ணீரிலும் மஞ்சள் நிறத்தையே காட்டும். 'என் தொட்டியில் நைட்ரேட்டே இல்லை' என்று சொல்லும் மீன் நிறைந்த தொட்டிக்காரர்களிடம் குப்பியைக் குலுக்கிப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் அது போதும். புதுத் தொட்டியில் நைட்ரைட் இருக்கும்போது அதுவும் இதே நிறத்தைத் தருவதால், அந்த வாரங்களில் நைட்ரேட் எண் உண்மைக்கு மேலாகவே வரும். நைட்ரைட் பூச்சியமான பிறகு எடுக்கும் எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும்.

செந்நிறம் 40-இலிருந்து 80-க்கு மாறுவதைக் கண் எளிதில் பிரித்தறியாது. அப்போது ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து அளந்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்கினால் தெளிவு கிடைக்கும். அந்த வடித்த நீரைத் தனியாக ஒரு முறை அளந்து பூச்சியம் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. பெட்டி பழையதாகிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதும் கடினமில்லை. உரக்கடையில் 13-0-45 என்ற பெயரில் விற்கும் பொட்டாசியம் நைட்ரேட்டில் 1.63 கிராமை நகை நிறுக்கும் சிறிய தராசில் நிறுத்து, ஒரு லிட்டர் வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் நைட்ரேட் கிடைக்கும். அதில் 20 மில்லியை எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்கினால் 20 மில்லிகிராம். பெட்டி அந்த நீருக்கு 20-ஐ ஒட்டிய நிறத்தைக் காட்டினால் அதை நம்பலாம். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பாடவேளையில் செய்துவிடக்கூடிய இச்சோதனையை, மீன் வளர்க்கும் மாணவர்கள் உள்ள பள்ளிகளில் ஆசிரியர்கள் முன்னின்று செய்து காட்டினால் கரைசல், நீர்த்தல், செறிவு ஆகிய பாடங்கள் அவர்களுக்கு மறக்காது.

அலகு பற்றி ஓர் எச்சரிக்கை. மீன் கடைப் பெட்டிகள் பொதுவாக நைட்ரேட்டின் எடையைச் சொல்கின்றன. சில ஆய்வக அறிக்கைகளும் கருவிகளும் அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்கின்றன. நைட்ரஜனாகச் சொன்ன எண்ணை 4.43-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் எண் வரும். அறிக்கையில் 12 என்று கண்டு நிம்மதி அடைகிறவர், அது நைட்ரஜன் கணக்கானால் தம் கிணற்றில் 53 இருக்கிறது என்பதை அறியாமலே போகிறார். பொதுமக்களுக்கு அளிக்கும் எந்த அறிக்கையிலும் எது என்பதைத் தமிழில் வெளிப்படையாக அச்சிட வேண்டும்.

இது மீன்களோடு நிற்கும் செய்தியும் இல்லை. தொட்டிக்காக வாங்கிய பெட்டி, குழாய்த் தண்ணீரில் 45-க்கு மேல் காட்டினால், அதே தண்ணீரைத்தான் வீட்டார் குடிக்கிறார்களா என்பதை உடனே பார்க்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தர வரையறையான ஐ.எஸ். 10500, நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்து, வேறு நீராதாரம் இல்லாவிட்டாலும் அதைத் தளர்த்த இடமில்லை என்கிறது. கிணற்று நீரில் பால்பொடி கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததை 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஒருவர் விவரித்து எழுதியதிலிருந்தே இதன் ஆபத்து மருத்துவ உலகுக்குத் தெரியும்; நைட்ரைட் மீனின் இரத்தத்துக்குச் செய்வதையே, குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறும் நைட்ரேட்டும் செய்கிறது. மீன் கடைப் பெட்டியின் நிறத்தை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுத்து முறையான அறிக்கை பெற வேண்டும். ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற பெண்களிடம் உள்ள களப் பரிசோதனைப் பெட்டியிலும் நைட்ரேட் சோதனை இருக்கிறது. ஊர்ப்புறங்களில் மீன் வளர்ப்பவர்கள் அவர்களைக் கேட்கலாம்.

விற்பனையாளர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. கொளத்தூரின் தெருக்களிலிருந்து நாடு முழுவதும் வண்ண மீன்கள் செல்வது அவர்கள் பல பத்தாண்டுகளாக உழைத்ததன் பயன். மீனின் நிறத்தைப் பார்த்தே அதன் நலத்தைச் சொல்லும் கைப்பழக்கம் உள்ளவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வளர்க்கும் பெரிய சிமென்ட் தொட்டிகளில் அளவுமானி இல்லாமலே சமாளிக்க முடிகிறது என்றால், தண்ணீர் அதிகம், கவனிக்கும் ஆளும் எப்போதும் அங்கேயே இருக்கிறார். 45 லிட்டர் தொட்டியை வாங்கிச் செல்லும் குடும்பத்துக்கு அந்த வசதிகள் இல்லை. எனவே தொட்டியை விற்கும்போது அதன் உண்மையான கொள்ளளவை லிட்டரில் எழுதிக் கொடுப்பது, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பெட்டிகளைத் தூசி படிந்த மேல் தட்டிலிருந்து இறக்கிப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டுவது, தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விற்காமல் சில வாரம் கழித்து வரச் சொல்வது ஆகியவற்றை அவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைப் புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் நல்ல மனம் படைத்த கடைக்காரர்களை எனக்குத் தெரியும். நோயற்ற தொட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால், அந்தத் துண்டு வாரக்கணக்கில் காத்திருப்பதைக் குறைத்துவிடும். மீன் உடனே விற்கவில்லையே என்ற கவலை புரிகிறது. ஆனால் முதல் தொட்டியிலேயே எல்லா மீனும் செத்துப்போன குடும்பம் இரண்டாவது முறை கடைக்கு வருவதே இல்லை.

மீன்வளத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். வண்ண மீன் உற்பத்தியைப் பெருக்க மானியமும் பயிற்சியும் வழங்குகிறார்கள், அவை வேண்டியவையே. அதோடு, கொளத்தூர் போன்ற சந்தைப் பகுதிகளில் வாரத்தில் ஒரு நாளாவது, மக்கள் ஒரு சிறு பாட்டிலில் கொண்டுவரும் தொட்டித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் குறைந்த கட்டணத்தில் அளந்து, பி.எச்., காரத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய ஐந்து எண்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் ஒரு மேசையை அமைக்கலாம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்கு அது நல்ல களப்பயிற்சியாகவும் இருக்கும். அப்படிச் சேரும் குழாய்த் தண்ணீர் எண்களைப் பகுதிவாரியாகத் தொகுத்தால், எந்தத் தெருவின் ஆழ்துளைக் கிணறுகளில் நைட்ரேட் ஏறுகிறது என்பது குடிநீர் வாரியத்துக்கும் தெரியவரும்.

தங்கள் இணைப்பில் இக்கட்டுரையின் தொடர்ச்சி வெளியாகும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதில் முழுக் கழுவல் பற்றிய அறிவுரையைத் திருத்தி, வாரம் ஒரு முறை கால்பங்கு மாற்றுவதையும், ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிவதையும், மாற்றும் முன் குழாய்த் தண்ணீரின் நைட்ரேட்டை அளப்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எடுத்த பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் மாடித் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம் என்பதையும் ஒரு வரி குறிப்பிடலாம். தொட்டியில் உப்பு போட்டிராவிட்டால், மீனுக்கு மிகுதியான அந்த நைட்ரேட் கீரைக்கும் கத்தரிக்கும் உரம். விடுமுறை முடிவதற்குள் தொடர்ச்சி வந்தால் நல்லது. இந்த வாரம் தொட்டி வாங்கியவர்களுக்கு நைட்ரைட் ஏறும் நாள்கள் அடுத்த வாரமே தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கொளத்தூர், சென்னை.